கடிகாரத்தை முடுக்கியோர்

கணனியின் உள்ளே அமைந்த முறைவழியாக்கி ஒவ்வொன்றும் விற்பனைக்கு வரும்போது ஓர் எண்ணைத் தாங்கி வருகின்றது. 300 மெகாஹேர்ட்ஸ் என்றோ 3 கிகாஹேர்ட்ஸ் என்றோ குறிக்கப்பெறும் அவ்வெண், அப்பொறி ஒரு செக்கனில் எத்தனை துடிப்புகளுக்கு இயைய இயங்கும் என்பதைக் காட்டுவது. ஒரு மெகாஹேர்ட்ஸ் என்பது செக்கனுக்குப் பத்து இலட்சம் துடிப்பு. ஒரு கிகாஹேர்ட்ஸ் என்பது நூறு கோடி. வாங்குவோர் இவ்வெண்ணை ஓர் இரும்புப் பாளத்தின் நிறையைப்போலப் பொருளோடு பிறந்த இயற்கைக் குணமென்றே கொள்கின்றனர். அஃது அவ்வாறானதன்று. அவ்வெண் விற்பவர் தரும் தீர்ப்பு. அத்தீர்ப்பிற் சோதனைச்சாலைக்கும் பங்குண்டு, சந்தைக்கும் பங்குண்டு. அதனை ஏற்க மறுத்து, முறைவழியாக்கி பொருந்தியிருக்கும் தாய்ப்பலகையின் அமைப்புகளை மாற்றி, பொறியை அதன் எண்ணுக்கு மேல் ஓட்டியோரின் வரலாறே இக்கட்டுரையின் பொருள். ஆங்கிலத்தில் இச்செயலை ‘ஓவர்குளொக்கிங்’ என்பர். ஈண்டு அதனைக் கடிகார முடுக்கம் என வழங்குவோம்.

எண் எவ்வாறு பொறிக்கப்படுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். வட்டமான சிலிக்கன் தகடு ஒன்றில் நூற்றுக்கணக்கான முறைவழியாக்கிகள் ஒருங்கே உருவாகின்றன. ஒரே தகட்டிற் பிறந்தனவாயினும் அவை யாவும் ஒரே தரத்தினவல்ல. ஆகவே ஒவ்வொன்றையும் சோதித்து, இது இவ்வேகத்திற்குத் தகும் என வகுப்பர். வெப்பமான அறை, தரங்குறைந்த மின்வழங்கி, ஆண்டுகள் செல்லச் செல்ல நேரும் தேய்வு ஆகிய இவற்றையெல்லாம் கருதி, தகுதிக்குச் சற்றுக் குறைவான எண்ணையே பொறிப்பர். இதுவரை நடப்பது பொறியியல். இதன்மேல் வாணிகம் வந்து சேர்கின்றது. ஆக்க முறை முதிர்ச்சியடைந்த காலத்திற் பெரும்பாலான பகுதிகள் உயர்ந்த வேகத்திற்குத் தகுதியுடையனவாகவே பிறக்கின்றன. ஆயின், சந்தையில் உயர்ந்த விலை கொடுப்போர் சிலர். மலிவானதை வேண்டுவோர் பலர். பலரின் தேவையை நிறைவேற்ற, உயர்ந்த பகுதிகளின்மேலும் தாழ்ந்த எண்ணைப் பொறிக்க நேர்கின்றது. இவ்வாறு பொறித்த வேகத்திற்கும் பொறுக்கும் வேகத்திற்கும் இடையே ஒரு மிச்சம் உண்டாகின்றது. அம்மிச்சம் ஆக்கியவனுக்கு உரியதா, காசு கொடுத்து வாங்கியவனுக்கு உரியதா என்பதே நாற்பதாண்டுகளாக நடந்துவரும் வழக்கு.

தனியாள் கணனியின் யுகத்தைத் தொடக்கிவைத்த ஐ.பி.எம். பொறி 1981 ஓகஸ்ற் மாதத்தில் வெளிவந்தபோது, அதன் முறைவழியாக்கி தனக்குரிய வேகத்திலும் குறைவாகவே ஓடிற்று என்பது வியப்புக்குரியது. இன்ரெல் நிறுவனத்தின் 8088 என்னும் அப்பகுதி 5 மெகாஹேர்ட்ஸுக்குத் தகுதி பெற்றிருந்தது. ஐ.பி.எம். அதனை 4.77 மெகாஹேர்ட்ஸில் ஓட்டியது. இதற்குக் காரணம் தொலைக்காட்சி! அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சியின் நிறச்சைகை ஏறத்தாழ 3.58 மெகாஹேர்ட்ஸ் மீடிறன் உடையது. அதன் நான்கு மடங்கான 14.318 மெகாஹேர்ட்ஸில் அதிரும் குவாட்சுப் பளிங்கு ஒன்றை வைத்தால், நான்கால் வகுத்து நிறச்சைகையைப் பெறலாம். மூன்றால் வகுத்து முறைவழியாக்கியின் துடிப்பைப் பெறலாம். ஒரு பளிங்கே இரு வேலைகளையும் செய்துவிடும். அந்த முதற் பொறியின் வேகத்தை வரையறுத்தது சிலிக்கன் அன்று, சிக்கனம்.

1984இல் அதே நிறுவனம் வெளியிட்ட ‘ஏ.ரி.’ என்னும் பொறியில் 80286 முறைவழியாக்கி 6 மெகாஹேர்ட்ஸில் ஓடிற்று. தாய்ப்பலகையில் இருந்த 12 மெகாஹேர்ட்ஸ் பளிங்கின் துடிப்பு இரண்டால் வகுக்கப்பட்டு அதற்கு ஊட்டப்பட்டது. அப்பளிங்கு பற்றாசு வைத்து ஒட்டப்படாமல் ஒரு தாங்கியிற் செருகப்பட்டிருந்தமையே வினையாயிற்று. அதனைப் பிடுங்கி, சில டொலருக்குக் கிடைக்கும் 16 மெகாஹேர்ட்ஸ் பளிங்கைச் செருகியவர்களின் பொறி 8 மெகாஹேர்ட்ஸில் ஓடிற்று. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடிற்று. ஐ.பி.எம். சும்மா இருக்கவில்லை. பின்னர் வந்த பொறிகளின் தொடக்க நினைவகத்தில் வேகத்தை அளந்து பார்க்கும் ஒரு சிறு சோதனையைச் சேர்த்தது. 6 மெகாஹேர்ட்ஸை மீறினால் பொறி எழும்பாது. 1986இல் அந்நிறுவனமே 8 மெகாஹேர்ட்ஸ் பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தது. உடைமையாளர் செய்ததை முதலில் தடுத்தலும், தடுத்ததையே பின்னர் விலைக்குத் தருதலும் இவ்வரலாற்றிற் பலமுறை காணப்படும் நிகழ்ச்சிகள்.

1992இல் வந்த 80486 டி.எக்ஸ்.2 என்னும் பகுதியோடு கணக்கு மாறிற்று. தாய்ப்பலகை 33 மெகாஹேர்ட்ஸில் துடிக்க, முறைவழியாக்கி தன்னுள்ளே அதனை இரட்டித்து 66இல் இயங்கிற்று. அன்று முதல் ஒரு பொறியின் வேகம் இரு எண்களின் பெருக்கமாயிற்று. ஒன்று தாய்ப்பலகையின் துடிப்பு. மற்றையது முறைவழியாக்கியின் பெருக்கெண். 1993இல் அறிமுகமான பென்ரியம் வரிசையில், தாய்ப்பலகையின்மேல் நின்ற சிறு ஊசிகளில் ‘ஜம்பர்’ எனப்படும் மூடிகளை இடம்மாற்றி இவ்விரு எண்களையும் தெரியலாம். 66ஐ ஒன்றரையாற் பெருக்கி 100 மெகாஹேர்ட்ஸில் ஓடவேண்டிய பகுதியை, மூடியை மாற்றி, இரண்டாற் பெருக்கி 133இல் ஓட்ட முயன்றனர். சில ஓடின, சில ஓடவில்லை.

இந்த எளிமை கள்வருக்கும் வழி திறந்தது. குறைந்த எண்ணுடைய பகுதிகளை வாங்கி, மேலிருந்த எழுத்தைச் சுரண்டி நீக்கி, உயர்ந்த எண்ணைப் பொறித்து விற்ற கூட்டத்தார் 1990களிற் பல நாடுகளிலும் தோன்றினர். இவரையும் கடிகாரம் முடுக்கியோரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நீதியன்று. தன் பொறியைத் தானே முடுக்குபவன் அதன் பயனையும் கேட்டையும் தானே ஏற்கின்றான். எண்ணை மாற்றி விற்பவன் பயனைத் தான் வைத்துக்கொண்டு கேட்டை மட்டும் பிறர் தலையிற் கட்டுகின்றான். போலி முத்திரையைத் தடுப்பதற்கே என்று காரணங் கூறி, இன்ரெல் நிறுவனம் 1998ஆம் ஆண்டளவிற் பெருக்கெண்ணைப் பூட்டிவிட்டது. காரணம் பொய்யன்று. ஆயினும் கள்வனுக்கு இட்ட பூட்டு வீட்டுக்காரனையும் வெளியே நிறுத்திற்று. விலையுயர்ந்த பகுதிகளின் விற்பனைக்கும் அப்பூட்டுக் காவலாயிற்று என்பதை நிறுவனத்தார் விளம்பரப்படுத்தவில்லை.

பெருக்கெண் பூட்டப்பட்டபின் எஞ்சியது தாய்ப்பலகையின் துடிப்பு ஒன்றே. அது முறைவழியாக்கியை ஆக்கியவரின் கையிலன்றித் தாய்ப்பலகையை ஆக்கியவரின் கையில் இருந்தது. தாய்ப்பலகை ஆக்கியோருட் பெரும்பாலோர் தாய்வான் நாட்டினர். தமக்குட் கடும் போட்டியுடையோர். அவருள் அபிற் என்னும் நிறுவனம் 1990களின் நடுப்பகுதியில் மூடிகளை ஒழித்து, துடிப்பு, பெருக்கெண், வோல்ற்றளவு ஆகிய யாவற்றையும் பயோஸ் எனப்படும் தொடக்கத் திரையிலேயே தெரியுமாறு அமைத்தது. பெட்டியைத் திறந்து ஊசிகளைத் தேடவேண்டிய தேவை நீங்கிற்று. விசைப்பலகையின் சில தட்டுகளில் ஒரு பொறியின் வேகம் மாறிற்று. இதன் பின்னரே கடிகார முடுக்கம் பொறியியலாளர் சிலரின் விளையாட்டு என்ற நிலையிலிருந்து மாணவர், எழுதுவினைஞர், கடைச் சிப்பந்தி என எவரும் கைவைக்கத்தக்க கலையாயிற்று.

1998 ஓகஸ்ற் 24 அன்று நிகழ்ந்ததை இவ்வரலாற்றின் உச்சமெனலாம். அன்று இன்ரெல் நிறுவனம் இரு பகுதிகளை ஒருங்கே வெளியிட்டது. ஒன்று 450 மெகாஹேர்ட்ஸ் பென்ரியம் 2. மொத்த விலை 669 டொலர். மற்றையது மலிவுக் கணனிக்கென வந்த செலெரொன் 300ஏ. விலை 149 டொலர். அதே ஆண்டின் சித்திரையில் வெளிவந்த முதற் செலெரொன், பதுக்கு நினைவகம் இன்றி வந்து ஏளனத்திற்கு ஆளாகியிருந்தது. அக்குறையைப் போக்குவதற்கு 300ஏயின் சிலிக்கனிலேயே 128 கிலோபைற் பதுக்கு நினைவகத்தை அமைத்தனர். பென்ரியம் 2இன் பதுக்கு நினைவகம் 512 கிலோபைற் கொண்டதாயினும், அது வேறு சில்லுகளில் இருந்தமையால் முறைவழியாக்கியின் அரைவேகத்திலேயே ஓடிற்று. செலெரொனின் சிறு நினைவகமோ முழுவேகத்தில் ஓடிற்று. இரண்டும் 0.25 மைக்குரொன் என்னும் ஒரே ஆக்க முறையிற் பிறந்தவை.

இனிக் கணக்கைக் காண்போம். 300ஏயின் பெருக்கெண் நாலரை, அது பூட்டப்பட்டது. தாய்ப்பலகையின் துடிப்பு 66 மெகாஹேர்ட்ஸ். ஆகவே வேகம் 300. ஆயின் அவ்வாண்டு விற்பனையாகிய சிறந்த தாய்ப்பலகைகள் 100 மெகாஹேர்ட்ஸ் துடிப்புக்கென்றே அமைக்கப்பட்டவை. துடிப்பை 100க்கு மாற்றினால் நாலரை மடங்கு 450 ஆகும். 149 டொலர் பொருள் 669 டொலர் பொருளின் வேகத்தை அடைந்துவிடும். இங்கே நுட்பமான ஒரு வாய்ப்பும் இருந்தது. தாய்ப்பலகையின் துடிப்பைக் கண்டபடி உயர்த்தினால், அதிலிருந்து வகுத்துப் பெறும் ஏனைய பகுதிகளின் துடிப்பும் கூடி, வன்தட்டு முதலியன தடுமாறும். ஆயின் 100 என்பது நெறிமுறையான அளவாகையால், மூன்றால் வகுத்தபோது அவற்றுக்குரிய 33 மெகாஹேர்ட்ஸே கிடைத்தது. பெட்டியினுள் தன் எல்லையைக் கடந்தது முறைவழியாக்கி ஒன்றே. மற்றெல்லாம் தத்தம் இயல்பில் இருந்தன. பலரின் 300ஏ எவ்வித முணுமுணுப்புமின்றி 450இல் ஓடிற்று. துடிப்பைத் தானாகவே உணரும் தாய்ப்பலகை வைத்திருந்தோர், முறைவழியாக்கி அட்டையின் விளிம்பில் பி21 எனப்படும் தொடுமுனையை ஒரு சிறு ஒட்டுநாடாவால் மறைத்தனர். அவ்வளவில் தாய்ப்பலகை ஏமாந்து 100ஐத் தந்தது. பென்சில் முனையளவு நாடாவுக்கு ஐந்நூறு டொலர் பெறுமதி!

உயர்தர வகுப்பிற் பௌதிகம் பயில்வோர் இங்கே ஒரு வினாவை எழுப்பலாம். எல்லைதான் எங்கே? துடிப்பின் காலம் குறையக் குறைய, திரான்சிற்றர்கள் தம் நிலையை மாற்றி அடங்குவதற்குக் கிடைக்கும் காலமும் குறைகின்றது. வோல்ற்றளவை உயர்த்தினால் அவை விரைந்து மாறும். ஆயின் செலவாகும் வலு மீடிறனுக்கு நேர்விகிதசமம். வோல்ற்றளவின் வர்க்கத்திற்கும் நேர்விகிதசமம். மீடிறனை ஒன்றரை மடங்காக்கி, 2.0 வோல்ற்றை 2.2 ஆக்கினால் வலு 1.5ஐ 1.21ஆற் பெருக்கிய அளவு, அதாவது 1.8 மடங்கு ஆகும். இவ்வளவும் விரல்நகப் பரப்பில் வெப்பமாய் வெளிப்படும். ஆகவேதான் பெரிய விசிறிகளும், செப்புக் கட்டிகளும், ஈற்றில் நீர்க்குழாய்களும் கணனிப் பெட்டியினுட் புகுந்தன.

வெப்பம் கண்ணுக்குத் தெரியும் பகை. தெரியாத பகை பிழை. எல்லையைச் சிறிதே கடந்த முறைவழியாக்கி உடனே நின்றுவிடுவதில்லை. கோடி கூட்டல்களில் ஒன்றைத் தவறாகக் கூட்டிவிட்டு, ஏதும் அறியாதது போல் ஓடிக்கொண்டிருக்கும். படம் வரையும் விளையாட்டில் ஒரு புள்ளியின் நிறம் மாறினால் நட்டமில்லை. கணக்கேட்டில் ஓர் இலக்கம் மாறினால்? இப்பிழையைப் பிடிக்க முடுக்கியோர் கைக்கொண்ட கருவி தூய கணிதத்திலிருந்து வந்தது. மேர்சேன் முதன்மை எண்களைத் தேடுவதற்கென ஜோர்ஜ் வொல்ற்மன் 1996இல் ஓர் உலகளாவிய முயற்சியைத் தொடக்கினார். அதற்கென அவர் எழுதிய நிரல் முறைவழியாக்கியை முழு உழைப்பில் வாட்டுவது. விடை முன்பே தெரிந்த கணக்குகளை மணிக்கணக்காகச் செய்வித்து, வந்த விடையைத் தெரிந்த விடையோடு ஒப்பிட்டனர். ஓர் இலக்கம் பிசகினாலும் வேகத்தைக் குறைத்தனர். இராமுழுதும் இச்சோதனையில் தேறிய பொறியையே நிலையானதென ஏற்றனர். இவ்வொழுக்கம் அக்குழுவினரின் பெருமை. ‘ஓடுகின்றது’ என்பதும் ‘சரியாக ஓடுகின்றது’ என்பதும் வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

அவ்வறிவு ஒருமுறை உற்பத்தியாளரையே திருத்திற்று. 2000ஆம் ஆண்டு மார்ச் 6 அன்று ஏ.எம்.டி. நிறுவனம் 1 கிகாஹேர்ட்ஸ் எல்லையை முதலில் எட்டியது. இரு நாளின் பின் இன்ரெல் எட்டியது. பந்தய வெறியில் இன்ரெல் அவ்வாண்டு யூலை 31 அன்று 1.13 கிகாஹேர்ட்ஸ் பென்ரியம் 3ஐ வெளியிட்டது. ஜேர்மனியரான தோமஸ் பாப்ஸ்ற் என்னும் மருத்துவர் கணனிப் பகுதிகளைச் சோதித்து எழுதுவதாற் புகழ்பெற்றிருந்தார். அவர் அப்பகுதியைச் சோதித்து, லினக்ஸ் இயங்குதளத்தின் கருவைத் தொகுக்கும் பணியில் அது நிலைகுலைவதைக் கண்டார். வேறு சோதனையாளரும் அவ்வாறே கண்டனர். ஓகஸ்ற் 28 அன்று இன்ரெல் அப்பகுதியைத் திரும்பப் பெற்றது. தன் எல்லைக்கு மேல் முடுக்கப்பட்ட பொறி எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைப் பலமுறை கண்டு பழகிய கண்களுக்கு அதன் குறிகள் உடனே புலப்பட்டன. இம்முறை மிகையாக முடுக்கியது வாங்கியவனல்லன், பொறித்தவனே.

அதே ஆண்டின் யூன் மாதத்தில் ஏ.எம்.டி. வெளியிட்ட டியூரொன், அத்லொன் வகைகளின் கதை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உவப்பானது. அவற்றின் மேற்பரப்பில் பாலங்கள் எனப்படும் நுண்ணிய கடத்திக் கோடுகள் இருந்தன. பெருக்கெண்ணைப் பூட்டுதற்பொருட்டு அவற்றிற் சில வெட்டப்பட்டிருந்தன. வெட்டிய இடத்தைச் சாதாரணப் பென்சிலாற் கோடிட்டு இணைத்தால் பூட்டுத் திறந்துகொண்டது. பென்சிலினுட் களிமண்ணோடு கலந்திருப்பது நம் நாட்டுச் சுரங்கங்களிலும் அகழப்படும் காரீயம். அஃது மின்னைக் கடத்தும். பல கோடி டொலர் முதலீட்டில் எழுந்த ஆலையின் பூட்டை, கொப்பியில் எழுதும் பென்சில் திறந்தது. 2001 ஒற்றோபரில் வந்த அத்லொன் எக்ஸ்.பி. வகையில் லேசர் கதிராற் பாலங்களுக்கிடையே குழி தோண்டிவிட்டனர். முடுக்கியோர் குழியைப் பசையால் நிரப்பி, மேலே கடத்தும் மையைத் தீட்டினர்.

அடுத்த ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். திரான்சிற்றர் சிறுக்கச் சிறுக்க அதன் வோல்ற்றளவையும் அதே விகிதத்திற் குறைக்கலாம் என 1974இல் றொபேட் டெனாட் முதலியோர் வகுத்த நெறி 2000களின் நடுப்பகுதியிற் பொய்க்கத் தொடங்கிற்று. வெப்பம் தாங்காது, 4 கிகாஹேர்ட்ஸ் பென்ரியம் 4 என்னும் திட்டத்தை இன்ரெல் 2004 ஒற்றோபரிற் கைவிட்டது. ஒரே சில்லில் இரு கருக்கள், நான்கு கருக்கள் என வளர்ச்சி திசைமாறிற்று. ஆயினும் மிச்சம் ஒழியவில்லை. 2007 யூலையில் 266 டொலருக்கு இறங்கிய நாற்கரு கியூ6600ஐ 2.4இலிருந்து 3 கிகாஹேர்ட்ஸுக்கு உயர்த்தப் பயோஸ் திரையில் ஓர் எண்ணை 266இலிருந்து 333 ஆக்குவதே போதுமாயிருந்தது. அவ்வேகத்தை முத்திரையோடு தந்த பகுதியின் விலை 999 டொலர்.

இவ்வழக்கிற்கு உற்பத்தியாளர் கண்ட முடிவு இரு படிகளில் வந்தது. 2008 நவம்பரில் வெளிவந்த கோர் ஐ7 வகைகள் தம் வெப்பத்தையும் வலுவையும் தாமே அளந்து, இடமிருப்பின் வேகத்தைத் தாமே உயர்த்திக்கொண்டன. மிச்சத்தை வாங்கியவன் எடுக்குமுன் பொறியே எடுத்துக்கொண்டது. பின்னர் 2011 சனவரியில் வந்த இரண்டாந் தலைமுறையில் தாய்ப்பலகையின் துடிப்பு ஏனைய பகுதிகளின் துடிப்புகளோடு இறுகப் பிணைக்கப்பட்டது. அதனைச் சில வீதத்திற்கு மேல் உயர்த்தினால் யாவும் தடுமாறும். தாய்வான் நாட்டார் கையில் இருந்த கடைசித் திறவுகோலும் இவ்வாறு பறிபோயிற்று. அதற்கு ஈடாக, பெயரின் இறுதியில் ‘கே’ என்னும் எழுத்தைத் தாங்கிய பகுதிகள் பூட்டின்றி விற்கப்பட்டன. ஐ5-2500இன் விலை 205 டொலர். 2500கேயின் விலை 216. அதற்கேற்ற உயர்தரத் தாய்ப்பலகையையும் வாங்கவேண்டும். பதினொரு டொலர் பெருந்தொகையன்று என்பார் உளர். தொகையன்று ஈண்டு வினா. முன்னர் வாங்கியவன் தானாகத் தேடிக் கண்டது, அன்று முதல் விலைப்பட்டியலில் ஒரு வரியாயிற்று. 2012இல், முடுக்கிப் பழுதாக்கிய பகுதியை ஒருமுறை மாற்றித் தருவதற்கெனத் தனிக் கட்டணம் பெறும் திட்டமொன்றையும் அந்நிறுவனம் தொடக்கிற்று. அது 2021இல் நிறுத்தப்பட்டது. 2015இன் இறுதியிற் சில தாய்ப்பலகை நிறுவனங்கள், பூட்டிய பகுதிகளின் துடிப்பையும் உயர்த்தும் வழியொன்றைக் கண்டு பயோஸிற் சேர்த்தன. சில வாரங்களில் அவ்வழி அடைக்கப்பட்டது.

சாதனைப் பந்தயங்களை இவ்வரலாற்றின் மையமாக யான் கொள்ளேன். -196 பாகை செல்சியசில் கொதிக்கும் திரவ நைதரசனையும் அதனினும் குளிர்ந்த திரவ ஈலியத்தையும் ஊற்றி, 2011இல் ஏ.எம்.டி. எவ்.எக்ஸ். பகுதியொன்றை 8.429 கிகாஹேர்ட்ஸுக்கும், 2022 டிசம்பரில் இன்ரெலின் ஐ9-13900கே பகுதியை 9.008 கிகாஹேர்ட்ஸுக்கும் கொண்டுசென்றனர். அவ்வேகம் சில கணங்களே நிலைக்கும். திருவிழா வாணம் போல்வது அது, வீட்டு விளக்கன்று.

வீட்டுப் பொறிகளிலோ நிலைமை தலைகீழாயிற்று. 2023இல் வந்த ஐ9-14900கேயின் அடிப்படை வேகம் 3.2 கிகாஹேர்ட்ஸ், தானே உயர்ந்து எட்டும் உச்சம் 6 கிகாஹேர்ட்ஸ். எடுப்பதற்கு மிச்சம் அரிதாயிற்று. அப்பகுதியும் அதற்கு முந்திய தலைமுறையும் காரணமின்றி நிலைகுலைவதாக முறைப்பாடுகள் பெருகின. தேவைக்கு மேற்பட்ட வோல்ற்றளவு செலுத்தப்பட்டமையை இன்ரெல் 2024 யூலையில் ஒப்புக்கொண்டது. மிகை வோல்ற்றளவாலும் வெப்பத்தாலும் தேய்ந்தது, கருவினுட் கடிகாரத் துடிப்பைப் பகிர்ந்தளிக்கும் சுற்று என்பது செப்ரெம்பரில் வெளியாயிற்று. சில தாய்ப்பலகைகள் வலு எல்லைகளைத் தளர்த்தி வைத்திருந்தமையும் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. முன்னர் வேகத்தை உயர்த்துதற்கு நுழைந்த அதே பயோஸ் திரைக்குள், உடைமையாளர் இம்முறை அதனைக் குறைத்து வைப்பதற்காக நுழைந்தனர். திருத்திய நுண்நிரல் ஓகஸ்ற்றில் வழங்கப்பட்டது. பாதிக்கப்பட்ட வகைகளின் உத்தரவாதக் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டப்பட்டது.